பதிமூணாயிரம் கிலோமீட்டர் போய் கத்திரிக்காய் விலை கேட்ட கதை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசினது பேசினபடியே.)

போன மாசம் ஒரு நேயர் மெசேஜ் பண்ணியிருந்தாங்க. "ப்ரோ, முதல் தடவையா ஆன்சைட் போறேன், வீக்கெண்டுல என்ன பாக்கலாம்?"னு. மியூசியம், பாலம், சிலை எல்லாத்துக்கும் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காலையில அந்த ஊர் விவசாயிங்க சந்தைக்குப் போங்க. "ஏன்?"னு திரும்பக் கேட்டாங்க. அதை மெசேஜ்ல டைப் பண்ணி முடிக்க முடியல. அதனால இந்த எபிசோட்.

என்னைப் பத்தி தெரியாதவங்களுக்கு: நான் திருப்பாச்சூர் பையன். திருவள்ளூர்ல இருந்து திருத்தணி போற வழியில, வாசீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். எங்க அப்பாவுக்கு அங்க ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல நிலம். கத்திரி, வெண்டை, கீரை போடுவாரு. நான் இன்ஜினியரிங் முடிச்சு, கோடு எழுதி சம்பாதிக்கிறேன். இந்த ரெண்டு வாழ்க்கைக்கும் நடுவுல ஒரு இடத்துல கூட முட்டிக்காம ஆறு வருஷம் ஓட்டிட்டேன். முட்டினது நியூயார்க்ல.

ஆகஸ்ட் மாசம். ஆபீஸ் வேலையா மூணு வாரம். தங்கின இடத்துல சின்ன கிச்சன் இருந்துச்சு. முதல் வாரம் ஃபுல்லா ரொட்டி, பீட்ஸா. வயிறு கெஞ்ச ஆரம்பிச்சிருச்சு. சனிக்கிழமை காலையில யூனியன் ஸ்கொயர்னு ஒரு இடத்துல இறங்கி நடந்தா, பார்க்கை ஒட்டி வெள்ளை டென்ட் வரிசை. ஒவ்வொரு டென்ட்டுக்குப் பின்னாடியும் ஒரு வேன். மேசை மேல தக்காளி. சிவப்பு மட்டும் இல்லீங்க. மஞ்சள், ஊதா, பச்சைக் கோடு போட்டது, ரெண்டு கை சேர்த்துப் பிடிக்கிற சைஸ்ல கோணல் மாணலா ஒண்ணு. விலை அட்டை: ஒரு பவுண்டு ஆறு டாலர். மனசுக்குள்ள ஓடுற கால்குலேட்டர் நிக்குமா? ஒரு பவுண்டுன்னா 450 கிராம் சொச்சம். அப்ப கிலோ 1,100 ரூபாய்க்குப் பக்கம். தக்காளி. நான் ஒண்ணே ஒண்ணு வாங்கினேன். நகை வாங்கினவன் மாதிரி பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த டென்ட்லதான் அடி. ஒரு பச்சைக் கட்டு, தண்டு சிவப்பா, இலை தடியா, குட்டி குட்டியா. எங்கயோ பாத்திருக்கோமேன்னு கிட்டப் போனா, பருப்புக்கீரை. எங்க நிலத்துல தானா முளைக்கும். அப்பா அதைக் களைன்னு புடுங்கி வரப்புல போடுவாரு. எங்கம்மா அதுல நல்லதா பொறுக்கி பருப்புல போட்டுக் கடைவாங்க. அதுக்கு இங்க ஒரு கட்டு நாலு டாலர்.

போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அப்பா வாய்ஸ் நோட்: "இன்னாடா, களையை வாங்கிக்கினா நிக்கிற?"

சரி, இந்த சந்தை எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லணும். ஏன்னா இது பழங்காலத்துல இருந்து இருக்கிற சந்தை இல்ல. 1976-ல தொடங்கினது. பேரு கிரீன்மார்க்கெட். தொடங்கினவங்கள்ல முக்கியமானவர் பேரி பெனப்பி. விவசாயி கிடையாது, ஊர் அமைப்புத் திட்டம் போடுற ஆளு, ஆர்க்கிடெக்ட். நகரத்துக்கு வெளியில இருக்கிற ஊர்களுக்குத் திட்டம் போடும்போது அவர் கண்ணுல பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, நியூயார்க்கைச் சுத்தி இருக்கிற விளைநிலம் வேகமா வீட்டு மனையா மாறுது. ரெண்டு, அதே நியூயார்க் கடையில கிடைக்கிற பீச் பழம் கல்லு மாதிரி, ருசியே இல்லாம இருக்கு. பக்கத்துல விளையறவனுக்கு விக்க வழி இல்ல, பக்கத்துல சாப்பிடறவனுக்கு நல்ல பழம் இல்ல. ரெண்டையும் ஒரு தெருவுல நேருக்கு நேர் நிறுத்துவோம்னு, 59-ம் தெருவுல ஒரு காலி மனையில முதல் சந்தை போட்டாங்க. அதே வருஷம் யூனியன் ஸ்கொயருக்கும் வந்துச்சு. அந்தப் பார்க் அப்போ போதை மருந்து விக்கிற இடம்னு பேர் வாங்கின இடம். இன்னைக்கு திங்கள், புதன், வெள்ளி, சனி நாலு நாள் சந்தை நடக்குது.

விளைநிலம் வீட்டு மனையா மாறுதுன்னு சொன்னேன் பாருங்க, அதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஊர் ரோடுதான் ஞாபகம் வந்துச்சு. திருவள்ளூரைச் சுத்தி யாராவது வண்டியில போனீங்கன்னா தெரியும். நெல்லு இருந்த இடத்துல கலர் கலரா கல்லு நட்டு, கொடி கட்டி, ஆர்ச் வச்சு, ஏதாவது ஒரு நகர்னு பேர். இந்தப் பக்கம் காக்களூர் எஸ்டேட், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஷிப்ட் பஸ் ஏறினா மாசச் சம்பளம். நிலத்துல நிக்க ஆள் இல்ல. எங்க அப்பாகிட்டயும் மனை புரோக்கர் ஒருத்தர் ரெண்டு வருஷமா டீ குடிக்க வர்றாரு. டீ மட்டும் குடிக்க வரல.

அந்த சந்தையோட முதல் ரூல் இதுதான்: நீ விளைவிச்சதை மட்டும் நீ விக்கலாம். வாங்கி விக்கிறவனுக்கு இடம் இல்ல. எங்கெங்க இருந்து வரலாம்னு எல்லைகூட வச்சிருக்காங்க. நகரத்துக்குத் தெற்கே 120 மைல், கிழக்கு மேற்கே 170, வடக்கே 250. நிலத்துக்கே போய்ப் பாத்துட்டு வர ஆள் இருக்கு. 'இந்த மேசையில இருக்கிற தக்காளி அந்த நிலத்துல நிஜமாவே இருக்கா'ன்னு செக் பண்ற வேலை. நம்ம பாஷையில சொன்னா, டேட்டா வேலிடேஷன்.

நான் அந்தக் கீரைக்காரம்மாகிட்ட கேட்டேன், "இது உங்க நிலத்துல விளைஞ்சதா?" அவ்ளோதான். பத்து நிமிஷம் பேசினாங்க. ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி வர்றது, பார்க்கிங், இடத்துக்குக் கட்டுற வாடகை, போன வருஷம் வசந்தத்துல பனி விழுந்து பூ எல்லாம் கருகினது. கடைசியில அவங்க கேட்டாங்க, "உங்க ஊர்ல இந்த மாதிரி சந்தை இருக்கா?"

இருக்கு. திருவள்ளூர்லயே உழவர் சந்தை இருக்கு. எங்க வீட்டுல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர். நான் ஒரு தடவைகூட உள்ள போனதில்ல. "இருக்கு, பெரிய சந்தை"ன்னு புளுகிட்டு வந்துட்டேன். ரூமுக்கு வந்து, ஒரு தக்காளியை வெட்டி உப்பு போட்டுத் தின்னுட்டு, லேப்டாப்பைத் திறந்து உழவர் சந்தைன்னு தேட ஆரம்பிச்சேன்.

உழவர் சந்தை எப்படி ஓடுது

நம்ம ஆளுங்களுக்கு உழவர் சந்தைன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு போர்டு. அவ்ளோதான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற சிஸ்டம் சுவாரசியமானது.

முதல் சந்தை 1999 நவம்பர் 14, மதுரை அண்ணா நகர். தொடங்கி வச்சவர் அப்போதைய முதல்வர் கருணாநிதி. ஒரே வருஷம் கொஞ்சத்துல தமிழ்நாடு முழுக்க நூறு சந்தை. ஐடியா நம்ம ஊர்ல மட்டும் பொறந்ததில்ல: பஞ்சாப்ல 1987-லயே அப்னி மண்டி வந்துருச்சு, ஆந்திராவுல 1999 ஜனவரியில ரைத்து பஜார். இதுல எனக்குப் பிடிச்ச தற்செயல் ஒண்ணு இருக்கு. அதே 1999, ஜூன் மாசம், லண்டன்ல இஸ்லிங்டன்ங்கிற இடத்துல நீனா பிளாங்க்னு ஒரு பொண்ணு அந்த நகரத்தோட முதல் விவசாயிகள் சந்தையைத் தொடங்குறாங்க. அங்கயும் 100 மைல் எல்லை, விளைவிச்சவங்க மட்டும். ஐதராபாத், லண்டன், மதுரை. ஒரே வருஷத்துல ஒரே பக்-ஐ ஃபிக்ஸ் பண்ணியிருக்காங்க.

அந்த பக் என்ன? ரிசர்வ் வங்கியோட ஆய்வுக் கட்டுரை ஒண்ணு 2024 அக்டோபர்ல வந்துச்சு. நாம தக்காளிக்கு 100 ரூபா குடுத்தா விவசாயிக்குப் போறது சுமார் 33. வெங்காயத்துல 36, உருளைக்கிழங்குல 37. மீதி? வண்டி, கமிஷன், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, அழுகிப் போறது. இதுல எல்லாரும் திருடன்னு சொல்ல வரல. மிடில்வேர் இல்லாம சிஸ்டம் ஓடாது, அது நமக்கே தெரியும். ராத்திரி கோயம்பேடு போய்ப் பாருங்க, அந்த அளவு காயை ஒரு நகரத்துக்குள்ள விடியறதுக்குள்ள பிரிச்சு அனுப்புறது சாதாரண வேலை இல்ல. 2020 மே மாசம் கொரோனாவால கோயம்பேடு மூடி, காய்கறிச் சந்தையை எங்க மாவட்டத்துத் திருமழிசைக்கு மாத்தினாங்களே, அப்பதான் அந்த ஒரு இடத்தை எத்தனை வயிறு நம்பியிருக்குன்னு புரிஞ்சுச்சு.

(அமெரிக்காவுல இதைவிட மோசம், அதையும் சொல்லிடறேன். அங்க அரசாங்கமே போடுற கணக்குப்படி சாப்பாட்டுக்குச் செலவாகுற ஒரு டாலர்ல பண்ணைக்குப் போறது 15, 16 சென்ட்தான். ஹோட்டல் சாப்பாடு, பாக்கெட் சாப்பாடு எல்லாம் சேர்த்த கணக்கு அது. அதனாலதான் அந்தக் கீரைக்காரம்மா ராத்திரி 2 மணிக்கு எழுந்திரிக்கிறாங்க.)

உழவர் சந்தையில விவசாயிக்குப் போட்டோ ஒட்டின அடையாள அட்டை உண்டு. உனக்கு எவ்ளோ நிலம், அதுல என்ன பயிர்னு பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையிலயே தருவாங்க, முடிஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். விலை விவசாயி வைக்கிறது இல்ல. காலையில மொத்த விலையையும் வெளிக்கடை விலையையும் பாத்து, அதிகாரிங்களும் விவசாயிங்களும் சேர்ந்து ஒரு விலையை வச்சு போர்டுல எழுதிடுவாங்க. நோக்கம் என்னன்னா, மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் மேல இருக்கணும், அப்பதான் விவசாயிக்கு லாபம். சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் கீழ இருக்கணும், அப்பதான் வாங்குறவங்க வருவாங்க.

இன்ஜினியர் மூளை உடனே கேக்கும்: ரெண்டு கண்டிஷனும் ஒரே நேரத்துல பொருந்தாட்டி? நல்ல கேள்வி. மொத்த விலை 8 ரூபா, வெளிக்கடையில 42 ரூபான்னு வைங்க. 8-க்கு 20 சதவீதம் மேலன்னா பத்து ரூபா கூட இல்ல. 42-க்கு 15 சதவீதம் கீழன்னா 35 சொச்சம். பத்துக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல எங்க நிறுத்துறது? அந்த முடிவை ஒரு ஃபார்முலா எடுக்காது, அந்தக் காலையில அங்க நிக்கிற மனுஷங்கதான் எடுக்கணும்.

இந்த 8 ரூபாவும் 42 ரூபாவும் நான் சும்மா போட்ட நம்பர் இல்ல. அதுக்கு வர்றேன்.

அரசியலையும் ஒரு வரியில சொல்லிடணும். 2001-ல ஆட்சி மாறினதும் இந்தச் சந்தைங்க கவனிப்பில்லாம போச்சு, 2006-க்கு அப்புறம் திரும்ப உயிர் வந்துச்சு. இன்னைக்கும் மாநிலம் முழுக்க இருக்கு. குறை இல்லையான்னா, இருக்கு. வியாபாரிங்க விவசாயி அட்டையில உக்காந்து விக்கிறாங்கங்கிறது பல ஊர்ல கேக்கிற புகார். நியூயார்க்ல நிலத்துக்கே ஆள் அனுப்புறாங்கன்னு சொன்னேன்ல, அதோட அவசியம் இங்கதான் புரியும். நேரடிச் சந்தைக்கு இருக்கிற ஒரே சொத்து 'நான் விளைவிச்சது'ங்கிற அந்த ஒரு வார்த்தை. அது பொய்யாச்சுன்னா அது இன்னொரு மார்க்கெட், அவ்ளோதான்.

விதை கேட்ட அப்பா

ரெண்டாவது சனிக்கிழமை சந்தையில நின்னு வீடியோ கால் போட்டேன். அப்பா போனை மூக்குகிட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொரு மேசையா காட்டச் சொன்னாரு. கத்திரிக்காயில எத்தனை ரகம் இருக்குன்னு எண்ணினாரு. வெண்டைக்காய் பாத்ததும் "முத்திப் போச்சே, இதையா விக்கிறான்?"னு சிரிச்சாரு. அந்த ஊதா தக்காளிகிட்ட வந்ததும் சத்தம் நின்னுச்சு. "தம்பி, அதுல ஒண்ணு அறுத்து விதை மட்டும் காயவச்சு எடுத்தாயேன்."

நீங்க போற எடத்துலயும் உங்க வீட்டுல யாராவது இதைக் கேப்பாங்க. அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஆசை நியாயமான ஆசை. அந்த மாதிரி பழைய ரகத் தக்காளியில இருந்து விதை எடுத்துப் போட்டா பெரும்பாலும் அதே மாதிரி காய்க்கும். நம்ம கடையில வாங்குற எஃப் ஒன் ஹைபிரிட்ல அது நடக்காது, அடுத்த தலைமுறை கலைஞ்சு போயிரும்; அதனாலதான் ஒவ்வொரு பருவமும் பாக்கெட் வாங்க வேண்டியிருக்கு. அப்பாவுக்கு அது தெரியும். ஆனா விதையை சட்டைப் பையில போட்டுக்கிட்டு இந்தியாவுக்கு வர முடியாது. 2003-ல வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதை, செடி கொண்டு வர இறக்குமதி அனுமதி வேணும், அந்த நாட்டு அரசு குடுக்கிற தாவர நலச் சான்றும் வேணும். பழம், காயும் அப்படித்தான், கண்டபடி பெட்டியில போட முடியாது. அந்தப் பக்கமும் அதேதான். இங்க இருந்து போறப்ப அம்மா குடுக்கிற மாங்காய், கறிவேப்பிலை எல்லாம் அமெரிக்க ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணணும். மறைச்சா அபராதம்.

"ரெண்டு விதையில என்னடா ஆயிடும்?"னு அப்பா கேட்டாரு. அவர் பாஷையிலேயே பதில் சொன்னேன்: "போன வருஷம் தக்காளியில ஊசிப்புழு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" அது தென் அமெரிக்கப் பூச்சி. 2014-ல மகாராஷ்டிராவுல முதல் தடவையா கண்டாங்க. அப்புறம் தென்னாடு முழுக்க வந்துருச்சு. வந்ததுக்கு அப்புறம் திருப்பி அனுப்ப வழி இல்ல. அப்பா கொஞ்ச நேரம் பேசல. "சரி, தின்னுட்டு வா"ன்னு போனை வச்சிட்டாரு.

அந்த வாரம்தான் அந்த 8 ரூபா.

எங்க நிலத்துல கத்திரிக்காய் பறிப்பு. ஆறு மூட்டை, 300 கிலோ. சென்னையில ஒரு மண்டிக்கு ஏத்தி விட்டாரு. அன்னைக்கு வரத்து அதிகம். கிலோ 8 ரூபாதான் போச்சு. மொத்தம் 2,400. கமிஷன் 240. வண்டி வாடகை 900. இறக்குக்கூலி 120. கையில 1,140. பறிச்ச மூணு அக்காங்களுக்குக் கூலி 750. மீதி 390 ரூபா. விதை, மருந்து, தண்ணி, அப்பாவோட உழைப்பு எதையும் இதுல நான் சேர்க்கல. சீட்டை போட்டோ எடுத்து குரூப்ல போட்டாரு, ஒரு வார்த்தை எழுதல. நான் உடனே போன்ல ஆப்பைத் திறந்து எங்க ஏரியா பின்கோடு போட்டு கத்திரிக்காய் விலை பாத்தேன். கிலோ 42.

அன்னைக்குக் காலையில நான் ரெண்டு டாலருக்கு ஒரே ஒரு கத்திரிக்காய் வாங்கியிருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா தனியா போன் பண்ணாங்க. புரோக்கர் திரும்ப வந்துட்டுப் போனாராம். இந்தத் தடவை அப்பா "பாக்கலாம்"னு சொல்லியிருக்காரு. ரெண்டு வருஷமா "இல்ல"ன்னு சொன்ன மனுஷன்.

போறப்ப என்ன பண்ணணும்

நேயர் கேட்ட கேள்விக்கு வந்துடறேன், இல்லாட்டி திட்டுவாங்க.

முதல்ல, பேர்ல மார்க்கெட்னு இருக்கிறதெல்லாம் விவசாயிங்க சந்தை இல்ல. பார்சிலோனாவுல போக்கேரியா பாக்க அழகுதான், ஆனா அது கடைக்காரங்க நடத்துற நகரச் சந்தை. அங்க டூரிஸ்ட் கூட்டத்துல உள்ளூர்க்காரங்க காய் வாங்கவே முடியாம போய், 2015-ல வெள்ளி சனி காலையில பெரிய குழுவா உள்ள வரக்கூடாதுன்னே தடை போட்டாங்க. அதனால நீங்க போறது எதுன்னு பாத்துக்கோங்க. 'விளைவிச்சவங்க மட்டும்'னு ரூல் இருக்கிற சந்தையைத் தேடுங்க. கண்டுபிடிக்க ஈஸி வழி: பருவத்துல இல்லாத பழம் மேசையில இருந்தா, அந்த நாட்டுல விளையவே விளையாத மாம்பழமும் வாழைப்பழமும் இருந்தா, அது வாங்கி விக்கிற கடை.

ரெண்டாவது, கை. நம்ம ஊர்ல வெண்டைக்காயை முனை ஒடிச்சுப் பாப்போம். ஐரோப்பாவுல நிறைய சந்தையில நாம தொடவே கூடாது. கேட்டா அவங்களே எடுத்துத் தருவாங்க. நியூயார்க்ல பொறுக்கலாம், ஆனா தக்காளியை அமுக்காதீங்க. பேரமும் பேசாதீங்க. அங்க விலை வைக்கிறது அந்த விவசாயியேதான். குறைச்சுக் கேக்கிறது மரியாதை இல்ல. சாயங்காலம் மூடுற நேரத்துல போனா அவங்களே குறைச்சுத் தர்றது உண்டு.

பை எடுத்துட்டுப் போங்க. நியூயார்க் மாநிலத்துல 2020-ல இருந்தே கடைகள்ல பிளாஸ்டிக் கவர் தடை. நான் ஊர்ல ஏதோ கல்யாணத்துல குடுத்த மஞ்சப்பையைக் கொண்டு போயிருந்தேன். அதை எங்க வாங்கினீங்கன்னு மூணு பேர் கேட்டாங்க.

இன்னொண்ணு கவனிங்க: யார் வாங்குறாங்க. யூனியன் ஸ்கொயர்ல ஆறு டாலர் தக்காளியைப் பாத்து இது பணக்காரன் விளையாட்டுன்னு நானும் நெனச்சேன். கொஞ்சம் தள்ளி ஒரு மேசையில வரிசை நின்னுச்சு. அரசாங்கம் குடுக்கிற உணவு உதவி அட்டையைத் தேய்ச்சா டோக்கன் தர்றாங்க, அதை எந்த டென்ட்லயும் குடுத்துக் காய் வாங்கலாம். வயசானவங்க, கைக்குழந்தையோட அம்மாக்கள். அந்த ஏற்பாடு இல்லாட்டி அந்தச் சந்தையைப் பத்தி நான் இவ்ளோ நல்லா பேசியிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த ஒரு கேள்வி. "நீங்களே விளைவிச்சதா?" எந்த நாடா இருந்தாலும் அதைக் கேளுங்க. உடைஞ்ச இங்கிலீஷ், கை ஜாடை எதுல வேணா கேளுங்க. பதில்ல அந்த ஊர் மழை, கடன், மருமகன் எல்லாம் வந்துரும்.

ஊருக்கு வந்தப்புறம்

வந்த முதல் ஞாயித்துக்கிழமை, ஜெட்லாக்ல 3 மணிக்கே முழிப்பு. தனியா திருவள்ளூர் உழவர் சந்தைக்குப் போய் ஒரு ரவுண்டு அடிச்சேன். திரும்ப வந்து அப்பாகிட்ட சொன்னேன், அட்டை வாங்கலாம்னு. அவர் மூஞ்சி மாறிடுச்சு. "நான் போயி தரையில குந்திக்கினு கூவி விக்கணுமா?" நாப்பது வருஷமா மண்டிக்கு மூட்டை ஏத்தின மனுஷன். மூட்டை ஏத்தி விடுறது விவசாயம், கிலோ கணக்குல நிறுத்துக் குடுக்கிறது வியாபாரம். அது அவர் வேலை இல்ல. இந்தக் கௌரவத்தை நான் எந்த ஸ்பிரெட்ஷீட்லயும் யோசிக்கல.

நான் அந்தக் கீரைக்காரம்மா கதையைச் சொன்னேன். அவங்க நிலம் எங்க நிலத்தைவிட எத்தனையோ மடங்கு பெருசு, அவங்களே வந்து நின்னு நிறுத்துக் குடுக்கிறாங்கன்னு. "வெள்ளக்காரி செய்வா"ன்னாரு. ஆனா அட்டைக்கு எழுதிக் குடுத்தாரு.

உண்மையைச் சொல்லணும்னா, 300 கிலோ கத்திரிக்காயை உழவர் சந்தையில ஒரு காலையில விக்க முடியாது. அது அதுக்கான இடமே இல்ல. ஒரே பயிரை மூட்டை மூட்டையா போடுறவனுக்கு மண்டிதான். அங்க ஓடுறது கலவை: கொஞ்சம் கீரை, கொஞ்சம் வெண்டை, கொஞ்சம் கத்திரி, ரெண்டு சுரைக்காய். அதனால கால் ஏக்கரை மட்டும் பிரிச்சு பாத்தி பாத்தியா மாத்தி மாத்திப் போட்டோம். மீதி பழையபடி மண்டிக்கு.

முதல் நாள் டிவிஎஸ் எக்ஸ்எல்ல கட்டிக்கிட்டு 5 மணிக்குப் போனோம். போர்டுல கத்திரிக்காய் 24. அப்பா தராசு முன்னாடி உக்காந்தாரு, ஆனா கூவல. பக்கத்துக் கடை ஆயா அவரையும் சேர்த்துக் கூவுச்சு. நான் கியூஆர் கோடு அட்டையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கத்திரிக்காய் 40 கிலோ போச்சு, 960 ரூபா. கீரை 60 கட்டு, பத்து பத்து ரூபா, 600. மொத்தம் 1,560. பெட்ரோல் 60. அந்த 390 ரூபா சீட்டை நான் ஞாபகப்படுத்தல, அவரே பையில இருந்து எடுத்துப் பாத்தாரு.

கணக்கை அழகா காட்டிட்டு ஓட மாட்டேன். அன்னைக்கு விலை நல்ல நாள். வரத்து கூடினா மொத்த விலை விழும், போர்டும் கூடவே இறங்கும். சந்தை அதுல இருந்து உங்களைக் காப்பாத்தாது. ரெண்டு பேர் அஞ்சு மணி நேரம் உக்காந்தோம், அதுக்குக் கூலி போடல. வாரத்துல மத்த நாள் நான் ஆபீஸ்ல. 12 கிலோ கத்திரிக்காய் மிஞ்சுச்சு. அதை ஆயாகிட்ட குடுத்து முருங்கைக்காய் வாங்கிக்கிட்டாரு, அது மட்டும் அவருக்கு ரொம்பப் பிடிச்ச வியாபாரம்.

புரோக்கர் போன வாரமும் வந்தாரு. டீ குடிச்சாரு. அப்பா இன்னும் "இல்ல"ன்னு சொல்லல, "பாக்கலாம்"னும் சொல்லல. "கத்திரி பறிப்பு முடியட்டும்"னு சொல்லியிருக்காரு. கத்திரி பறிப்பு எப்ப முடியும்னு எனக்கும் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது.

வர்ற ஞாயிறு பருப்புக்கீரை பத்துக் கட்டு கட்டி எடுத்துட்டுப் போறோம். ஐடியா என்னோடது. "களையை எவன்டா துட்டு குடுத்து வாங்குவான்?"னு அப்பா இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்காரு, ஆனா நேத்து அவரேதான் வரப்புல உக்காந்து நல்லதா பொறுக்கிக்கிட்டு இருந்தாரு. வித்துச்சா இல்லையான்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். உங்க ஊர் சந்தையில நீங்க பாத்ததை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல போகாம.